கிண்டியில் டேங்க் இறக்கிய காலம்

கார் ரிப்பேர் என்றால் இன்ஜின் மெக்கானிக், எலக்ட்ரீஷியன், டிங்கர், பெயின்டர் என்று நாலு பேரைத்தான் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் ஐந்தாவதாக ஒருவர் இருந்தார். ரேடியேட்டர், சைலன்சர், பெட்ரோல் டேங்க் மூன்றும் அவர் பொறுப்பு. இன்ஜின் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். ஆனால் டேங்கைக் கழற்ற வேண்டும் என்றால் பெரிய பெரிய மெக்கானிக்குகளே அவரைத்தான் தேடி வருவார்கள். என் நைனா அந்த வேலைக்காரர். கிண்டி அரசு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்து முடித்த நானும் கடைசியில் அவருடைய பட்டறையிலேயே உட்கார்ந்தேன். தொழிற்பேட்டையின் ஓரத்தில், ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. எழுபதை நெருங்குகிற வயதில் இதை எழுதக் காரணம், அந்த வேலையைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான். இன்ஜினைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது. டேங்கின் அடியில் தங்கியதைப் பற்றி இல்லை.

டேங்கின் அடியில்தான் ஊரின் கதை முழுவதும் படிந்திருந்தது. எந்தக் காலத்தில் பெட்ரோலில் எது கலந்தது, அது தற்செயலா, காசுக்காகவா, பகைக்காகவா என்பதெல்லாம் அடியில் நின்ற வண்டலைப் பார்த்தால் தெரியும்.

சென்னையில் மோட்டார் வந்த புதிதில் பங்க் என்று ஒன்று கிடையாது. 1903இல் சிம்ப்சன் கம்பெனியின் சாமுவேல் கிரீன் இங்கேயே ஒரு நீராவிக் காரைச் செய்து ஓட்டினார். பிறகு பதிவு எண்கள் வந்தபோது எம்.சி. 1 என்ற எண் துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்குப் போனது. பெட்ரோலும் அவர் திருத்திக் கட்டிய துறைமுகம் வழியாகவே வந்தது. டின்னில் வரும், டின்னோடு விற்கும், காரின் பின்னால் ஒரு டின்னைக் கட்டிக்கொண்டுதான் வெளியூர் போவார்கள். டின் துருப்பிடிக்கும். மூடி சரியில்லாவிட்டால் ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்கும். அதனால் பெட்ரோல் ஊற்றும் புனலில் மென்மையாகப் பதனிட்ட தோல் ஒன்றை விரித்துக்கொள்வார்கள். எங்கள் பட்டறையில் அதற்கு சாமி லெதர் என்று பெயர். முதலில் பெட்ரோலில் நனைத்துவிட்டால், அந்தத் தோல் பெட்ரோலை மட்டும் விடும், தண்ணீரை மேலேயே நிறுத்திக்கொள்ளும். நைனா தன் வாத்தியாரிடமிருந்து வாங்கிய தோல் ஒன்றைக் கடைசிவரை மடித்து வைத்திருந்தார். யாரையும் அதைத் தொட விடமாட்டார், துணி துவைக்கிற சோப்பு பட்டால் கெட்டுவிடும் என்பார்.

எரிபொருள் என்றாலே எதிரிக்குக் கண் போகும் என்பதைச் சென்னை 1914 செப்டம்பர் 22 இரவே பார்த்துவிட்டது. ஜெர்மானியக் கப்பல் எம்டன் கரைக்கு அப்பால் வந்து நின்று சுட்டது. துறைமுகத்து அருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அது பெரிய தொட்டி, பெரிய போர். தெருவில் நிற்கும் காரின் சின்ன டேங்கில் கை வைப்பவனும் அதே கணக்கைத்தான் போடுகிறான். வண்டியை உடைத்தால் சத்தம் கேட்கும், டேங்கில் எதையாவது போட்டால் அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வண்டி நிற்கும்.

இந்தக் கணக்கை அரசாங்கமே அச்சடித்து வைத்த காலமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவுத் துறையான ஓ.எஸ்.எஸ்., 1944 ஜனவரியில் ஒரு கையேடு தயாரித்தது. எதிரி பிடித்து வைத்திருக்கும் நாடுகளில் சாதாரண ஜனங்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு எப்படி நாசவேலை செய்யலாம் என்பது அதன் பொருள். தானியம், மரத்தூள், சர்க்கரை, தண்ணீர் என்று வாகன டேங்குக்கு ஆகாதவை அதில் பட்டியலாகவே இருக்கின்றன. போர் முடிந்து வெகு காலம் கழித்து அந்தக் கையேடு வெளிவந்தது. ஆனால் டேங்கில் சர்க்கரை போட்டால் வண்டி செத்துவிடும் என்ற கதை அதற்கு முன்பே உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

போர் சென்னைக்குக் கொண்டுவந்தது சர்க்கரையை அல்ல, பஞ்சத்தை. 1941இல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942இல் ரங்கூன் விழுந்தது, பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளை ஆங்கிலேயரே பின்வாங்கும்போது நாசம் செய்துவிட்டுப் போனார்கள். நமக்குப் பர்மா எண்ணெய் நின்றது. பஸ்களின் முதுகில் பெரிய டிரம் ஏற்றிக் கரியை மூட்டி, அந்த வாயுவில் ஓட்டினார்கள். நைனா அப்போது பதினான்கு பதினைந்து வயதுப் பையன், மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பட்டறையில் எடுபிடி. கரி பஸ்ஸின் குழாய்களில் அடைத்த தாரைச் சுரண்டுவது அவர் வேலை. கார் வைத்திருந்த பெரிய மனிதர்கள் ரேஷன் பெட்ரோல் போதாமல் மண்ணெண்ணெயைக் கலந்து ஓட்டிப் பார்த்ததையும் அவர் சொல்லுவார். மண்ணெண்ணெய் கலப்படம் கொள்ளையர்கள் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். அது முதலில் இல்லாமையில் பிறந்தது. பிறகு பேராசையின் கைக்குப் போனது.

போர் முடிந்தும் ரேஷன் உடனே போகவில்லை. இங்கிலாந்தில் 1948இல் லாரி முதலான தொழில் வாகனங்களுக்கான பெட்ரோலில் சிவப்புச் சாயம் கலந்தார்கள், சொந்தக் காரின் டேங்கில் சிவப்பு தெரிந்தால் குற்றம். நம் நாட்டில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் வந்தது. அந்த நீலத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1958இல் கிண்டித் தொழிற்பேட்டை வந்தது. காமராஜர் முதலமைச்சர், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சர். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மிஷின் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் கூரையும் கரண்டும் கொடுத்து, சிறு தொழில் செய் என்று உட்கார வைத்த இடம் அது. இன்று கண்ணாடிக் கட்டடமாக நிற்கும் இடங்களில் அன்று போல்ட், நட், புஷ், கேஸ்கெட் செய்தார்கள். பேட்டைக்குள் ஷெட் கிடைத்தவர்கள் முதலாளிகள். அவர்களைச் சுற்றி எங்களைப் போன்றவர்கள் ஓரத்தில் முளைத்தோம். கிண்டி எங்களுக்குத் தோதான இடம். ஒரு பக்கம் மவுண்ட் ரோடு, இன்னொரு பக்கம் விமான நிலையம், ஆஸ்பத்திரி வண்டிகள், காலேஜ் வண்டிகள், பந்தய நாளில் ரேஸ் கோர்ஸுக்கு வரும் கார்கள். பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை, புது சாமானுக்கு ஜி.பி. ரோடு, வேலைக்குக் கிண்டி.

டேங்க் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இனி இதைச் செய்து காட்ட ஆள் கிடைக்காது.

அம்பாசடர் டேங்க் 54 லிட்டர் பிடிக்கும். அதற்குள் இருக்கும் பெட்ரோலை முதலில் அடி போல்ட்டைத் திறந்து டின்னில் பிடிப்போம். அதுவும் உடனே இல்லை. வண்டியை ராத்திரி முழுக்க அசைக்காமல் விட்டு, காலையில் வெயில் ஏறும் முன் திறந்தால், முதலில் வருவது அடியில் நிற்பது மட்டும். அதை வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஜன்னலில் வைப்பார் நைனா. அந்த ஒரு பாட்டில்தான் நோய்க்குறி. கீழே தெளிவாகக் கோடு கட்டி நின்றால் தண்ணீர். செந்தூளாக இருந்தால் துரு. வெல்லப்பாகு போல இழுத்தால் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கிறது. கரகரப்பாக அடியில் குந்தினால் மண்.

பிறகு பட்டையைத் தளர்த்தி டேங்கை இறக்கி, சலவை சோடாவைக் கொதிக்க வைத்து ஊற்றி ஊறவிடுவோம். துரு கெட்டிப்பட்டிருந்தால் சைக்கிள் செயினை உள்ளே விட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்ட வேண்டும். கை விட்டுப்போகும். கழுவி, வெயிலில் கவிழ்த்து, மறுபடி கழுவி, கடைசியில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி அலசி அதையும் பாட்டிலில் பிடிப்போம். பாட்டில் சுத்தமாக இருந்தால்தான் டேங்க் சுத்தம்.

ஓட்டையை அடைப்பது தனி வித்தை. நடு ரோட்டில் டேங்க் ஒழுகினால் பார் சோப்பை அழுத்தித் தேய்த்துவிட்டுப் பட்டறை வரை வருவார்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது, அதனால் தாங்கும். பட்டறைக்கு வந்த பிறகு சூட்டுக்கோல், நவச்சாரம், ஈயம். இதில்தான் உயிர் போகும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து என்பதை நைனா புதுப் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார். பெட்ரோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை இருந்தால் போதும், ஒரு பொறியில் வெடிக்கும். காலி டேங்கில் அந்தக் கலவை சரியாக நிற்கும். அதனால் பற்றவைக்கும் முன் டேங்கில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, வேலை செய்யும் இடம் மட்டும் மேலே வருமாறு சாய்த்து வைப்போம். “டேய், தண்ணி ரொப்பாம கோலைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்” என்று அவர் கத்தும் சத்தம் ஆலந்தூர் ரோடு வரை கேட்கும். தண்ணீரை ரொப்பாமல் வேலை செய்த பட்டறைகளில் என்ன நடந்தது என்பதைக் கிண்டியில் பழைய ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அதை எழுத விரும்பவில்லை.

இப்போது சர்க்கரை.

டேங்கில் சர்க்கரை போட்டால் இன்ஜினுக்குள் பாகு காய்ச்சியது போலாகி, பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும் என்று சினிமாவிலிருந்து சீட்டாடும் இடம் வரை எல்லாரும் நம்புகிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அடையாறு காந்தி நகரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். ஃபியட் கார், அப்போது அதற்குப் பிரீமியர் பத்மினி என்று பெயர். குடியிருப்பில் வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை. மறுநாள் காலையில் டேங்க் மூடிக்குக் கீழே தரையில் எறும்புச் சாரி போவதைப் பார்த்திருக்கிறார். குனிந்து பார்த்தால் பம்பரின் மேலேயும் மூடியின் விளிம்பிலும் சர்க்கரை. அவர் கை நடுங்கிக்கொண்டே வந்தார்.

“சார், வண்டியை ஸ்டார்ட் பண்ணீங்களா?”

“இல்லப்பா. சாவியையே போடல.”

“அப்ப ஒண்ணும் ஆகல சார். கயித்தைக் கட்டி இழுத்துட்டு வரச் சொல்றேன்.”

சர்தார் படேல் சாலை வழியாகக் கயிறு கட்டியே இழுத்து வந்தோம். அடி போல்ட்டைத் திறந்து வேட்டித் துணியில் வடிகட்டினால், சர்க்கரை போட்டபடி அப்படியே துணியில் நின்றது. மணி மணியாக, துருவின் நிறம் மட்டும் ஏறியிருந்தது. கரையவே இல்லை. பெட்ரோலில் சர்க்கரை கரையாது, அதைவிட இரண்டு பங்கு கனம், நேராக அடிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் டேங்கின் மூலையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் பிசுபிசுவென்று பாகு இருந்தது. அது பெட்ரோலின் வேலை இல்லை. சென்னைக் காற்றின் ஈரம் ராத்திரி குளிர்ச்சியில் டேங்குச் சுவரில் வியர்த்து இறங்கிச் சேர்ந்த தண்ணீர். சர்க்கரை அந்தத் தண்ணீரில்தான் கரைந்தது. டேங்கைக் கழுவி, ஏ.சி. பம்ப் என்று நாங்கள் சொல்லும் பெட்ரோல் பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணத்தையும் பைப்பையும் சுத்தம் செய்து மாட்டினோம். அந்த வண்டி அதன் பிறகும் பல வருஷம் ஓடியது.

நாங்கள் அனுபவத்தில் கண்டதை அதே காலத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒருவர் சோதித்துக் காட்டினார் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். ஜான் தார்ன்டன் என்ற தடய அறிவியல் பேராசிரியர், 1994இல். கதிரியக்கக் கரிமத்தால் அடையாளமிட்ட சர்க்கரையைப் பெட்ரோலில் கலக்கி, கரையாததைச் சுழற்றிப் பிரித்து, கரைந்தது எவ்வளவு என்று அளந்தார். 15 கேலன் டேங்கில், அதாவது 57 லிட்டரில், ஒரு டீஸ்பூன்கூடக் கரையவில்லை. சர்க்கரை இன்ஜினைக் கொல்லாது. அதிகம் போனால் ஃபில்டரை அடைத்து வண்டியை நிறுத்தும்.

இந்த உண்மை தெரியாததால் எத்தனை பேர் இன்ஜினையே பிரித்து, பிஸ்டனை மாற்றிப் பணத்தைத் தொலைத்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. சர்க்கரை போட்டவன் செய்த கெடுதல் ஒரு நாள் வேலை. பயம் செய்த கெடுதல் பல மாதச் சம்பளம்.

உண்மையில் கிண்டி டேங்க் பட்டறைகளுக்குச் சோறு போட்டது பகையாளிகளின் சர்க்கரை அல்ல, மண்ணெண்ணெய். எண்பதுகளிலிருந்து இருபத்தைந்து வருஷம் அதன் ஆட்சிதான். 2005 வாக்கில் பெட்ரோல் லிட்டர் 40 ரூபாய்க்கு மேல். ரேஷன் மண்ணெண்ணெய் பத்து ரூபாய்க்குள். ஏழை வீட்டு அடுப்புக்காக அரசு பணம் போட்டுக் குறைத்த விலை அது. அந்த இடைவெளியில் எத்தனையோ கைகள் நுழைந்தன. கலப்படம் ஆன பெட்ரோலை நாங்கள் வாசனையிலேயே சொல்வோம். பெட்ரோல் ஒரு சொட்டைக் கைமேல் விட்டால் குளிர்ச்சி காட்டிவிட்டு ஓடிவிடும். மண்ணெண்ணெய் இருந்தால் எண்ணெய்ப் பசை நிற்கும். ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டால் கறை தங்கும். பங்க்கில் அந்த ஃபில்டர் பேப்பரைக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை, இன்றும்.

நீலச் சாயம் போட்டும் கலப்படம் நிற்கவில்லை. சாயத்தைப் போக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். 2006இல் கண்ணுக்குத் தெரியாத ரசாயன அடையாளத்தை மண்ணெண்ணெயில் கலக்கும் திட்டம் வந்தது. அதையும் நீக்க முடியும் என்று ஆனதும் சுமார் இரண்டு ஆண்டுகளில் கைவிட்டார்கள்.

அந்தக் காலத்தின் பெயர் என்றால் எனக்கு சண்முகம் மஞ்சுநாத் பெயர்தான் முதலில் வரும். கோலார் தங்கவயலில் பிறந்த பிள்ளை. லக்னோ ஐ.ஐ.எம்.மில் படித்து இந்தியன் ஆயில் கார்ப்பரேஷனில் விற்பனை அதிகாரியாகச் சேர்ந்தார். உத்தரப் பிரதேசம் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்பட எரிபொருள் விற்ற பங்க்கை மூடி சீல் வைத்தார். அது மறுபடி திறந்ததும் மறுபடி சோதனைக்குப் போனார். 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொன்றார்கள். வயது 27. ஐந்து வருஷம் கழித்து, 2011 ஜனவரி 25 அன்று மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே, எண்ணெய்த் திருட்டைத் தடுக்கப் போன கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணேவை உயிரோடு கொளுத்தினார்கள். டேங்கின் அடியில் நாங்கள் சுரண்டி எடுத்த அழுக்குக்குப் பின்னால் இப்படிப்பட்ட சாவுகளும் இருந்தன. ஃபில்டர் பேப்பர் கேட்கக் கூச்சப்படும் நண்பர்களிடம் இந்த இரண்டு பேரைப் பற்றித்தான் சொல்வேன்.

அதற்குள் வண்டிகளும் மாறிவிட்டன. கார்பரேட்டர் போய், பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. பம்ப், இன்ஜின் பக்கத்திலிருந்து டேங்குக்குள்ளேயே குடியேறியது. டீசல் வண்டிகளில் காமன் ரெயில் வந்ததும் எரிபொருள் ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் பார் அழுத்தத்தில் போகத் தொடங்கியது. கார்பரேட்டர் காலத்தில் ஒரு சிட்டிகை மண் ஜெட்டை அடைக்கும், ஊதினால் போய்விடும். இப்போது அதே சிட்டிகை பம்ப்பை அரைத்து, அந்த உலோகத் தூளை இன்ஜெக்டர் நாலுக்கும் அனுப்பிவிடும். என் பட்டறைக்கு வந்த டாக்ஸி டிரைவர் ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. ராத்திரி யாரோ டீசல் டேங்கில் மண்ணும் தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்கள். காலையில் வண்டி முக்கியது. அவசரச் சவாரி, அதனால் மிதித்து மிதித்துக் கத்திப்பாரா வரை ஓட்டிவந்துவிட்டார். டேங்க் கழுவுகிற செலவோடு போயிருக்க வேண்டியது, பம்ப்பும் இன்ஜெக்டர்களுமாகச் சேர்ந்து லட்சத்தைத் தாண்டியது. “அண்ணே, ட்யூ கட்டணும்ணே” என்று அவர் அந்தப் பில்லைப் பிடித்துக்கொண்டு நின்றது என்னால் மறக்க முடியாது.

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரையை மீறியபோது சைதாப்பேட்டை, ஜாஃபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், பேட்டை எல்லாம் ஒன்றாகத் தண்ணீருக்குள் போயின. எங்கள் கொட்டகையிலும் இடுப்புக்கு மேல். அதன் பிறகு சில மாதம் நான் தூங்கியதே குறைவு. காற்றோட்டக் குழாய் வழியாக ஆற்று வண்டல் டேங்குக்குள் இறங்கியிருந்தது. பாட்டிலில் பிடித்தால் மூன்று அடுக்கு. கீழே சேறு, நடுவில் தண்ணீர், மேலே பெட்ரோல். பகையாளி ஒரு வண்டிக்குச் செய்வதை ஆறு ஒரே ராத்திரியில் ஊருக்கே செய்துவிட்டது. அப்போதும் பிழைத்த வண்டிகள், தண்ணீர் வடிந்ததும் ஆசைக்குச் சாவியைத் திருப்பிப் பார்க்காதவர்களின் வண்டிகளே.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் ஆசை அதிகம். பத்து மில்லி தண்ணீரையும் தொண்ணூறு மில்லி பெட்ரோலையும் ஒரு அளவுக் குவளையில் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அடி அடுக்கு பத்து மில்லியாக இருக்காது, இருபத்தைந்துக்கு மேல் ஏறியிருக்கும். பெட்ரோலில் இருந்த எத்தனால் கீழே இறங்கித் தண்ணீரோடு சேர்ந்துவிடுகிறது. ஆகவே டேங்கில் யாராவது ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால், அடியில் நிற்பது ஒரு லிட்டரோடு முடியாது. அதைப் பம்ப் முதலில் உறிஞ்சும். பழைய பெட்ரோலில் தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு மேலே நிற்பதை வைத்து ஓட்டினோம். இப்போது மேலே நிற்பதும் சத்து இறங்கிய பெட்ரோல், அதையும் எடுத்துவிட வேண்டும். 2025 ஜூனில் மத்தியப் பிரதேச முதலமைச்சரின் வாகன அணிக்காக ரத்லாமில் டீசல் போட்ட 19 வண்டிகள் வழியில் நின்றன. டீசலில் தண்ணீர். முதலமைச்சர் வண்டிக்கே அந்தக் கதி என்றால், சாதாரண ஜனங்கள் பாட்டிலில் பிடித்துப் பார்க்கும் பழக்கத்தை ஏன் விட்டோம் என்று தெரியவில்லை.

பட்டறை இன்று இல்லை. டேங்குகள் பிளாஸ்டிக்காகிவிட்டன. ஈயம் வைக்க இடமில்லை, துருவும் இல்லை. பேட்டையில் லேத் ஓடிய இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள். சர்வீஸ் சென்டரில் டேங்க் கழுவுவதைவிடப் புது அசெம்பிளி மாற்றுவது அவர்களுக்குச் சுலபம். அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் கழுவினால் போதும் என்ற இடத்தில் கழுவித்தர ஒரு ஆள் வேண்டும். கிண்டி ஐ.டி.ஐ.யில் அடிப்படை டேங்க் வேலையை, அந்தக் கண்ணாடி பாட்டில் பரிசோதனையை, ஒரு வாரப் பாடமாகவாவது சொல்லித்தர வேண்டும் என்பது என் கோரிக்கை. வந்து சொல்லிக்கொடுக்க நான் தயார்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டேங்க் மூடி திறந்திருந்தாலோ, அதைச் சுற்றி மண், சர்க்கரை, ஈரம் எது தெரிந்தாலோ, சாவியை ஆன் நிலைக்குக்கூடக் கொண்டுபோகாதீர்கள். இப்போதைய வண்டிகளில் ஆன் செய்த உடனே பம்ப் ஓடத் தொடங்கிவிடும். முதலில் போட்டோ எடுங்கள். பிறகு காவல் நிலையம். பிறர் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் செய்வது பாரதிய நியாய சன்ஹிதா 324ஆம் பிரிவில் குற்றம். இருபதாயிரம் ரூபாயிலிருந்து ஒரு லட்சத்துக்குள் நஷ்டம் என்றால் இரண்டு ஆண்டு வரை, லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஐந்து ஆண்டு வரை சிறை. உடனே எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். முழுக் காப்பீடு இருந்தால் தீய நோக்கத்தோடு செய்த சேதம் அதில் அடங்கும், ஆனால் சேதம் தெரிந்த பிறகும் ஓட்டிப் பெருக்கிக்கொண்ட செலவைக் காப்பீட்டுக் கம்பெனிக்காரர்கள் தரமாட்டார்கள். எனவே சர்வேயர் வந்து பார்க்கும் முன் டேங்கை இறக்க விடாதீர்கள். இறக்கும்போது முதலில் வடிவதைச் சுத்தமான கண்ணாடி பாட்டில்கள் இரண்டில் பிடித்து, போலீஸ்காரர் முன்னாலேயே மூடி முத்திரை வைக்கச் சொல்லுங்கள். ஒன்று வழக்குக்கு, மயிலாப்பூரில் இருக்கும் தடய அறிவியல் துறைக்கு. 1849இல் சென்னையில் தொடங்கிய வேதியியல் பரிசோதகர் ஆய்வகத்தின் வாரிசு அது, இந்தியாவிலேயே முதலாவது. இன்னொன்று உங்களிடம் இருக்கட்டும். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம்.